மதிலில் தட்டும் கடல்

வேலை தேடி நிலாவெளிக்குப் போன பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைக்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"என்ர மனுசன்ர வாயால வட்டி கூடிப்போச்சக்கா," என்றாள் இளையவள்.

"இதென்ன கதை?"

"எங்கட ஐஸ் பெக்டரிக் கூரையில சோலார் போட பாங்கில கடன் கேட்டனாங்கள். பாங்கில இருந்து இடம் பாக்க வந்த ஐயாவிட்ட, மாரியில கடல் எங்கட மதிலில வந்து தட்டும் எண்டு இவர் பெருமையடிச்சார். உப்புப் பட்டால் சோலார் கெதியாப் பழுதாகும், கடனும் திரும்பி வராது எண்டு அவர் வட்டியைக் கூட்டிப்போட்டார்."

"வட்டியைக் குறைக்காட்டி?"

"சோலாரும் இல்லை. கரண்ட் பில்லும் கட்ட ஏலாது. பெக்டரியைப் பூட்டவேண்டியதுதான். இண்டைக்கு அந்த ஐயா திரும்ப இடம் பாக்க வாறார். இவரை வெருகல் கோயிலுக்கு அனுப்பிப்போட்டன்."

மூத்தவள் ஜன்னலால் வெளியே பெய்யும் மாரி மழையைப் பார்த்தாள்.

"கடலை எங்கயடி அனுப்பப்போறாய்?"