விடுப்பே எடுக்காத முழங்காலுக்கு ஒரு கேடயம்

பட்டாலும் பண்பாலும் இந்த மேடையைப் பொலியச் செய்து வீற்றிருக்கும் விழாத் தலைவி, ஜவுளி வணிகர் சங்கத் தலைவர் திருமதி சரோஜாதேவி அம்மையார் அவர்களே! தியாகராய நகரின் தெருவுக்கெல்லாம் தினந்தோறும் திருவிழாக் கோலம் கூட்டும் முதலாளிமார்களே! எனக்குச் சோறு போடும் என் முதலாளி, மரியாதைக்குரிய சண்முகசுந்தரம் ஐயா அவர்களே! கடையடைத்த களைப்பையும் கட்டி இழுத்துக்கொண்டு இந்த மேற்கு மாம்பலம் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! விரித்து, மடித்து, மடித்ததை மறுபடி விரிக்கும் என் தோழர்களே, தோழியர்களே! பட்டுப் பிரிவு முத்துகிருஷ்ணனின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்றேன். மேடை மரபுக்காக அப்படிச் சொல்லவில்லை. வெட்கத்தில் தாழ்ந்த தலை இது.

இந்த ஆண்டின் 'ஓய்வறியா ஊழியர்' கேடயம் எங்கள் கடை ஸ்தனிஸ்லாசுக்கு. முகூர்த்த சீசன் முழுவதும் ஒருநாள்கூட விடுப்பெடுக்காதவருக்கு நம் சங்கம் தருகிற கேடயம். வாழ்த்துரை வழங்க வாய்க்கு வந்தபடி அடுக்குவானே முத்துகிருஷ்ணன் என்று என்னை அழைத்தீர்கள். கை தட்டுகிறீர்கள். வேண்டாம், தட்டாதீர்கள். முன்வரிசையைப் பாருங்கள். மனைவி ரெனிட்டாவுக்குப் பக்கத்தில், வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் ஸ்தனிஸ்லாஸ். அந்தக் கால் மடங்காது. அந்தக் காலோடு இன்றுவரை அவரால் கடைக்குத் திரும்ப முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு வாழ்த்துகிறேன், வாழ்த்த வாய் வந்தால்.

பட்டு வாங்க வருவோர் சுற்றி அமர்ந்திருப்பார்கள். நடுவே வெள்ளை மெத்தை. அதன்மேல் நாங்கள் மண்டியிட்டபடி முந்தானையை விரிப்போம், மண்டியிட்டபடியே நகர்ந்து அடுத்ததை எடுப்போம். சாயங்காலம் ஆனால் முட்டி வலிக்காதவன் எங்கள் பிரிவில் எவன்? அந்த வலிக்கு நாங்கள் பேரே வைத்திருக்கிறோம்: மெத்தை வலி. பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. எங்கள் ஆட்கள்தான், வேறு யார் சிரிப்பார்கள்! நாங்கள் அதை நோய் என்று எண்ணியதே இல்லை ஐயா. அது எங்கள் சீருடையில் ஒரு பாகம்.

சீசன் முடியும் தறுவாய். ஒரு கல்யாண வீட்டார் வந்து அமர்ந்தார்கள். பெண்ணுக்குப் பிடித்தால் அத்தைக்குப் பிடிக்காது, அத்தைக்குப் பிடித்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஸ்தனிஸ்லாஸ் முகம் சுளிக்காமல் விரித்துக்கொண்டே இருந்தார். புடவையிலிருந்து கழன்று விழுந்த குண்டூசி ஒன்று மெத்தையில் கிடந்தது. மண்டியிட்டார். ஊசி முட்டிக்குள் இறங்கியது. பிடுங்கினார், கைக்குட்டையால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா?

"முத்து, பட்டுல ரத்தம் கித்தம் படலியே?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. பட்டில் பட்டதா என்று கேட்டார். பட்டுக்குப் பதறிய நாம், முட்டிக்குப் பதறினோமா? மருந்து போட்டோமா? தடுப்பூசி போடச் சொன்னோமா? இல்லை. அடுத்த புடவையை எடுத்தோம்.

இரண்டொரு நாளில் அந்த முட்டி வீங்கியது, சிவந்தது. குளிரக் குளிரக் காய்ச்சல். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. "இன்னா மச்சி, மெத்தை வலி ஓவரா கீதா?" என்று கேட்டுச் சிரித்தது வேறு யாருமில்லை, மேடையில் நிற்கும் இந்த முத்துகிருஷ்ணன்தான். ஒருவர் தைலம் கொடுத்தார். ஒருவர் முட்டிக்கு உறை வாங்கிக் கொடுத்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் காய்ச்சல் கொஞ்சம் பதுங்கியது. முதலாளி என்ன சொன்னார்? ஐயா, கோபிக்காதீர்கள், நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். "சீசன் முடியட்டும்வே, அப்புறம் நல்லாப் படுத்துக்கிடலாம்" என்றீர்கள். இந்த ஊரில் எந்த முதலாளியும் அதைத்தான் சொல்லியிருப்பார். சொன்ன வார்த்தையை ஸ்தனிஸ்லாஸ் காப்பாற்றினார். சீசன் முடிந்தது. மறுநாள் காலை மயிலாப்பூரிலிருந்து வந்த பேருந்தில், இறங்க வேண்டிய நிறுத்தத்தில், அவரால் காலை ஊன்றி இறங்க முடியவில்லை.

சேதி கேட்டு ஓடி வந்த ரெனிட்டாவும் நானுமாக ஆட்டோவில் ஏற்றி அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டர் அஃப்சருன்னிசா. "என்ன ஆச்சு?" என்றார். ஸ்தனிஸ்லாஸ் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "ஒண்ணுமில்ல டாக்டர், மெத்தை வலி." எங்கள் வேலையை விளக்கியும் சொன்னேன். அவர் ஒரு முட்டியில் புறங்கையை வைத்தார். மறு முட்டியில் வைத்தார். மறுபடி முதல் முட்டியில் வைத்தார்.

"மண்டி போடும்போது ரெண்டு முட்டியும்தானே மெத்தையில இருக்கு? அப்புறம் ஏன் இது மட்டும் கொதிக்குது?"

ஐயா, அம்மா, இந்தக் கேள்வி எங்களில் ஒருவனுக்காவது தோன்றியதா? பக்கத்திலேயே மண்டியிட்டுக் கிடந்த எனக்குத் தோன்றியதா?

முட்டிக்குள் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார். நான் பதறினேன். "ஐயோ டாக்டர், முட்டியில நீர் எடுத்தா காலே போய்டும்னு சொல்றாங்களே!"

"யாரு சொல்றாங்க?"

"எங்க கடையில எல்லாரும்."

"உங்க கடையில புடவை நல்லா இருக்கும், நானே வந்து வாங்குறேன். முட்டி விஷயத்துல நான் சொல்றதைக் கேளுங்க."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஊசியில் ஏறி வந்ததைப் பார்த்ததும் சிரிப்பு செத்தது. முட்டிக்குள் தெளிவாக இருக்க வேண்டிய நீர், கெட்டி மோர் போல மஞ்சளாக வந்தது. சீழ். மூட்டுக்குள் கிருமி. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய அந்தச் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எடுத்த கையோடு நரம்பு வழியாக மருந்தும் ஏற்றினார்கள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. உள்ள இருக்கிற சீழ் குருத்தெலும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். இன்னைக்கே தொறந்து கழுவணும்" என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டிருந்த ரெனிட்டா டாக்டர் அருகே போனார். "கால் இருக்குமா டாக்டர்?" என்றார். டாக்டர் மறைக்கவில்லை. "உயிரையும் காலையும் காப்பாத்தப் பாக்குறேம்மா. மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

கழுவினார்கள். போதாமல் மீண்டும் கழுவினார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏறியது. உயிர் தங்கியது, கால் தங்கியது. முட்டி மட்டும் மடங்க மறுத்துவிட்டது. "வீங்கின அன்னைக்கே வந்திருந்தா இந்நேரம் மடக்கி உக்காந்திருப்பாரு" என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் நின்றேனே, அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

சொல்லுங்கள், எதற்கு இந்தக் கேடயம்? காய்ச்சலோடு கடைக்கு வந்ததற்கா? சீழோடு சிரித்ததற்கா? ஒற்றை முட்டி தீயாய்க் காய, உரக்கச் சொல்லாமல் ஒடுங்கி நின்றதற்கா? விடுப்புக் கேட்க வாயில்லாமல் ஒருவனை வைத்திருந்துவிட்டு, அவன் கேட்கவில்லை என்று பாராட்டுகிறோமே, நமக்குக் கூச்சமில்லையா? எனக்குக் கூசுகிறது. இங்கே நிற்கவே கூசுகிறது.

தோழர்களே, ஒரே ஒரு முட்டி திடீரென வீங்கினால், சூடேறினால், காய்ச்சலும் சேர்ந்தால், தைலத்தைத் தேடாதீர்கள், தேய்க்காதீர்கள், சீசனைப் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீர் எடுக்க வேண்டும் என்றால் எடுக்கவிடுங்கள்.

நேற்று மயிலாப்பூரில் ஸ்தனிஸ்லாசைப் பார்க்கப் போனேன். கேடயத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "முத்து, பட்டு செக்ஷன்ல என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்களா? கேட்டுச் சொல்லு நைனா" என்றார். அவர் இடத்தில் வேறொருவரை வைத்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதோ, இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. மன்னித்துவிடு ஸ்தனிஸ்லாஸ்.

முதலாளி ஐயா! மண்டியிட்டு விரித்தால்தான் பட்டு மின்னுமா? ஒரு மேசை போட்டு, ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டி அமர்ந்து அவர் விரித்தால் ஜரிகை மங்கிவிடுமா? அவரை எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா? தலையசைக்கிறீர்கள். போதாது ஐயா. நீங்கள் தலையசைப்பது பின்வரிசைக்குத் தெரியாது. முன்வரிசையில் இருக்கும் ரெனிட்டாவுக்கோ கண்ணீரில் எதுவுமே தெரியவில்லை.

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கு நன்றி. இங்கே வராத டாக்டருக்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம். மைக்கை என் முதலாளியிடம் கொடுக்கிறேன். வாயைத் திறந்து சொல்லுங்கள், ஐயா.