இருட்டறைக்குப் போகும் படம்

இளமாறன்: பெஞ்ச்ல உக்காரு விஷா. உனக்கு மூச்சு வாங்குது.

விஷாகா: உக்காந்தா படம் தெரியாது. எவ்ளோ சின்னது பாரு...

இளமாறன்: இதுக்கா பிளெய்ன்ஸ்பரோல இருந்து மழையில இந்த மியூசியத்துக்குக் கூட்டிட்டு வந்தே? இடிஞ்சு போன ரோமாபுரி...

விஷாகா: இடிஞ்சும் நிக்குதே. நம்ம வீட்டுப் பின்னாடி மர டெக் ரெண்டு வின்டர் தாங்கல.

இளமாறன்: கான்ட்ராக்டரைத் திட்டு, என்னை விடு. யாரு வரைஞ்சாங்களாம்?

விஷாகா: பேரு தெரியலையாம். இத்தாலிக்காரர், முந்நூத்தம்பது வருஷம் ஆச்சு. அந்த வளைவு மேல மரமே முளைச்சிருக்கு. கீழ ஒரு பொம்பள துணி காயப்போடுறா பாரு.

இளமாறன்: சக்கரவர்த்தி கட்டின வளைவுலயா!

விஷாகா: குடுத்து வச்சவ. நான் டெக்ல ஒரு துண்டு காயப்போட்டதுக்கே காலனி அசோசியேஷன்ல இருந்து லெட்டர் வந்துச்சு.

இளமாறன்: சிரிக்காத, இருமல் வரும்.

விஷாகா: வரட்டும்... டாக்டர் ஆபிஸ்ல இருந்து போன் வந்துச்சா?

இளமாறன்: எதுக்கு?

விஷாகா: எதுக்கா! கீமோ முடிஞ்சு திங்கக்கிழமை ஸ்கேன் எடுத்தோமே.

இளமாறன்: ஓ... இல்ல. லேட்டாகும்னாங்கல்ல. லேட்டானா நல்லதுதான்.

விஷாகா: ம்... அந்த போர்டைப் படி. என் கண்ணாடி கார்ல இருக்கு.

இளமாறன்: வெளிச்சம் பட்டா மை மங்கிடுமாம். மூணு மாசந்தான் மாட்டுவாங்களாம், அப்புறம் அஞ்சு வருஷம் இருட்டறையில... நாளைக்குக் கடைசி நாளா?

விஷாகா: அதான் இன்னிக்கே வந்தேன்.

இளமாறன்: அடுத்த தடவையும் வருவோம். அப்ப நம்ம க்ரிஷுக்குப் பதினாறு. டிரைவிங் பெர்மிட் வாங்கியிருப்பான், அவனே ஓட்டட்டும்.

விஷாகா: நீ முன்சீட்ல உக்காரு. அவன்கிட்ட கத்தாத.

இளமாறன்: நீ பின்சீட்ல இருந்து என்னைத் திட்டு.

விஷாகா: அந்தத் துணி காயப்போடுறவளை அவனுக்குக் காட்டு. அம்மாவுக்குப் பிடிச்சதுன்னு சொல்லு.

இளமாறன்: நீயே காட்டேன்! ஏன் இப்படிப் பேசுற... ரிசல்ட்டே இன்னும் வரல.

விஷாகா: புதுசா எது வந்தாலும் ஆஸ்பத்திரி ஆப்ல நீலப் புள்ளி இருக்கும் மாறா, யாராவது திறக்குற வரைக்கும். செவ்வாய்க்கிழமை காலையில நான் பார்த்தப்ப ரிப்போர்ட் இருந்துச்சு, புள்ளி இல்ல. என் பாஸ்வேர்ட் உனக்கு மட்டுந்தான் தெரியும். அன்னிக்கு நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியவே வரல... நாலு நாளா நானும் தெரியாத மாதிரியே இருக்கேன். முடியல மாறா. வா, இப்ப உக்காரலாம்.