பச்சை டீசர்ட்டும் மாமியார் சண்டையும்

வேலம்பாளையம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு பேச்சில் என் காது அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

“அந்தச் சாட்சிய நம்புனா எங்க வீதியில பாதிப்பேரு கொலைகாரங்கதானுங்க்கா.”

“ஏங்கண்ணு அப்படிச் சொல்றே?”

“கொலை நடந்த எடத்துலிருந்து பச்சை டீசர்ட்டு போட்டவன் ஓடுனானாம், அது எங்கண்ணன்தானாம். அந்தச் சாட்சி மூஞ்சியப் பாக்கவே இல்லீங்க. ஆர்டர் கேன்சலாகி, எங்க வீதிக்காரங்க வேலை செய்யற பனியன் கம்பெனியில எல்லார்த்துக்கும் சும்மா குடுத்த டீசர்ட்டுங்க அது.”

“அந்நேரம் உங்கண்ணன் எங்க இருந்தாராம்?”

“ஊத்துக்குளியில மாமியா ஊட்டுல. மாமியாளோட பெரிய சண்டைங்க அன்னிக்கு. அந்தம்மாளே கூண்டுல ஏறிச் சொல்லியும், சொந்தக்காரங்க சாட்சின்னு கீழ்க் கோர்ட்டுல தள்ளீட்டாங்க. அப்பீல்லதான் ஐகோர்ட்டு ஜட்ஜு கேட்டாருங்க, ‘மருமகனக் கண்டாலே ஆகாதவங்க, அவருக்காக எதுக்குப் பொய் சொல்லோணும்?’னு. விடுதலை ஆயிருச்சுங்க.”

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தம்மாளுக்கு இப்பக் கோவம் தீந்துச்சா?”

“நேத்து எங்களுக்கு முந்தியே ஜெயில் வாசல்ல நின்னாங்க. ‘வாங்க மாப்ள, மொதல்ல வந்து சாப்புடுங்க. மிச்சச் சண்டைய அப்பறம் போட்டுக்கலாம்’னாங்க.”