கும்மோணம் கட்டு எங்க வச்ச?

— தண்ணி குடிச்சியா இல்லியா, அத மொதல்ல சொல்லு தாட்சா.

— குடிச்சேன், குடிச்சேன். சொம்பையே கவுத்துட்டேன். அந்தம்மா போயிட்டாளா சாய்ரா?

— போயிட்டா. போறப்ப வாட்ச்மேனயும் ஒரு புடி புடிச்சிட்டுத்தான் போனா. அவ செருப்ப யாரோ நவுத்தி வச்சிட்டாங்களாம்.

— வாங்குனாளா எதாவது?

— வாங்குனா. மலையாட்டம் புடவையா பிரிச்சிப் போட்டுட்டு, கடைசீல ஒரு கர்ச்சீப் வாங்குனா. அதுக்கும் பெரிய பையா குடுன்னா.

— கேளேன் சாய்ரா, நா ஒண்ணுமே சொல்லல. 'இது நல்லா நிக்கும் மேடம், கட்டிப் பாத்தீங்கன்னா தெரியும்'னுதான் சொன்னேன். மூஞ்சில வீசாத கொறையா வீசிட்டு, 'ஒனக்கென்னடி தெரியும், பட்டுன்னு ஒண்ண கட்டியிருந்தாத்தான தெரியும்'ங்கறா. பக்கத்துல அவ மருமவ வேற சிரிக்கிறா.

— நா அந்தாண்டேருந்து பாத்துகிட்டுதான் இருந்தேன். ஒன் காது மடல் செவந்துச்சி. சரி, இப்ப கூப்புடப் போறான்னு நெனச்சேன். கூப்ட்ட.

— கூப்புடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிகிட்டுதான் இருந்தேன். வாய் தானா சொல்லிருச்சி, 'ஏய், அந்த கும்மோணம் கட்டு எங்க வச்ச?'ன்னு.

— எனக்கும் தானாத்தான் வருது. 'மேல் தட்டுல இருக்கு, நா எடுக்கறேன், நீ போ.' தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லிருவேன்.

— கேளேன், இந்தக் கடைக்கி கும்மோணத்துலேருந்து ஒரு நூலுகூட வந்ததில்ல. மொதலாளி என்னிக்காவது, 'அது என்னா கட்டு, கொண்டா பாப்போம்'னு கேட்டுட்டா?

— ஏணி போட்டு ஏறிப் பாக்கட்டும். புடவ கட்டி நிறுத்துற பொம்மையோட ஒடஞ்ச கைதான் கெடக்கும்.

— அது இன்னும் அங்கியா இருக்கு?

— நாம வேலைக்கிச் சேந்த வருசத்துலேருந்து அங்கதான் கெடக்கு. எவனும் ஒட்டவும் மாட்டான், எடுத்துப் போடவும் மாட்டான்.

— சரி, இந்தம்மாவுக்கு என்னா பேரு வக்கலாம்?

— பட்டு கலெக்டர்.

— அய்யோ. போன வாரம் ஒவ்வொரு புடவையா வாசலுக்குத் தூக்கிட்டுப் போயி வெயில்ல பாத்தாளே, அவ?

— அவ டார்ச் லைட்டு. 'பொம்பளையா ஒக்காந்துருக்கீங்க, ஆம்பள யாரும் இல்லியா வெல சொல்ல'ன்னு கேட்டானே, அவன் மீசை மாமா.

— சிரிக்க வக்காதடி. தல தெறிக்குது.

— காலையிலேருந்து தலய புடிச்சிகிட்டுத்தான் இருக்க. மாத்திர போட்டியா?

— வூட்டுக்குப் போயி போட்டுக்கறேன். சாப்புடாம போட்டா வயித்தப் பெரட்டும்.

— ஏன் தாட்சா, இதெல்லாம் அண்ணன்கிட்ட சொல்லுவியா?

— யாரு, நானா? கேளேன், எங்கூட்டுக்காரருக்கு நா என்னா சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? 'கடைக்கி வர்றதெல்லாம் தங்கமான ஜனங்க. வாம்மா போம்மான்னுதான் பேசுவாங்க. போறப்ப, ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு வலிக்கலையாம்மான்னு கேப்பாங்க.'

— அல்லாவே, அளக்கறதுக்கு ஒரு அளவு வேணாம்?

— அந்தாளுக்கு கோவம் ஜாஸ்தி சாய்ரா. மனசு பச்சக் கொழந்த, வாயி மட்டும் எரியும். எவளோ என்னய 'டி' போட்டான்னு தெரிஞ்சா, நாளைக்கே மீன் ஏத்துற ஐஸ் வண்டிய கொண்டாந்து கடை வாசல்ல நிறுத்திருவாரு. அப்பறம் எனக்கு வேலையும் இல்ல, நீயும் இல்ல.

— நா இல்லன்னா என்னா ஆயிரும் ஒனக்கு?

— போயி தண்ணி குடின்னு யாரு அனுப்புவா?

— சரி சரி, பாசஞ்சர் போயிரும், கெளம்பு. மிச்சத்த நா மடிச்சிக்கறேன்.

— இந்தக் கத்திரிப்பூ கலர மட்டும் நா மடிச்சிட்டுப் போறேன். ஆளாளுக்கு பார்டர உள்ள வச்சி மடிச்சிடறாங்க. இது அழகே பார்டருலதான இருக்கு. அதான் ஒருத்தியும் எடுக்க மாட்டங்கறா.

— நீதான் எடுத்துக்கயேன்.

— ஆடித் தள்ளுபடி வரட்டும்.

— போன ஆடிக்கும் இதத்தான் சொன்ன.

— இந்த ஆடிக்கும் சொல்லுவேன். ஏய், எனக்கு நாளைக்கி லீவு. நாளன்னிக்கி வர்றப்ப ஒங்கூரு கிள்ளையிலேருந்து எறா கொண்டாரியா?

— கொண்டாரேன். உரிச்சா, உரிக்காமயா?

— உரிச்சித்தான். எனக்கேதுடி நேரம்.

*

— சாய்ரா, கீழ வாயேன் ஒரு நிமிசம்.

— புடவ பக்கம் நா வர்றதில்ல பிரிசில்லா. மொதலாளிகிட்ட கேட்டுத்தான இந்தப் பாவாட செக்‌ஷனுக்கு ஏறி வந்தேன்.

— ஏசுவே, எனக்குத் தெரியாதா? தாட்சாயிணி செத்து மூணு மாசமா நீ பின்பக்கப் படியிலதான் ஏறி எறங்குற. அவ எடத்துல நா ஒக்காந்துருக்கறத ஒன்னால பாக்க முடியல. அதுக்கு நா ஒண்ணும் கோச்சிக்கல. ஆனா இந்தாள என்னால சமாளிக்க முடியாதும்மா.

— எந்தாளு?

— இதோட மூணாவது தடவ வந்துட்டான். திருட்டுக் கூட்டம்ங்கறான். ஒளிச்சி வச்சிருக்கீங்கங்கறான். கடலூர்ல எத்தன கடையில நின்னுருக்கேன், இப்புடி வையிற ஆள நா பாத்ததில்ல. எங்கம்மா வரைக்கும் போயிட்டான்.

— என்னா வேணுமாம் அவனுக்கு?

— இல்லாதது வேணுமாம். ஏதோ கும்மோணம் கட்டாம்.

— என்னா கட்டு?

— கும்மோணம் கட்டு. ஏன் சாய்ரா, அப்புடி ஒண்ணு வந்துச்சா நம்மகிட்ட? ஏய், ஏன் ஒரு மாதிரி பாக்கற?

— ஆளு எப்புடி இருக்காரு?

— கட்டையா இருக்கான். சட்டையெல்லாம் ஈரம், மீன் வாட. லோடு வண்டிய வாசல்லயே நிறுத்திட்டு வந்துருக்கான், தண்ணி சொட்டிகிட்டு நிக்கிது.

— நீ இங்க ஒக்காரு பிரிசில்லா. நா போறேன்.

— திட்டுவான்மா.

— திட்டட்டும். அந்த பாட்டில்ல தண்ணி இருக்கு, எடுத்துக் குடி.

*

— இன்னொருத்திய அனுப்பியிருக்காங்களா? வா. நீயும் வந்து இல்லன்னு சொல்லிட்டுப் போ. எல்லாம் கூடிப் பேசி வச்சிகிட்டு நிக்கிறீங்க. நாங்க குடுக்கற காசுலதான சோறு திங்கறீங்க? மூஞ்சப் பாத்து பதில் சொன்னா என்னா கொறஞ்சி போவுது?

— சபாநாயகம் அண்ணே, நா சாய்ரா.

— யாரு?

— கிள்ளை சாய்ரா. தாட்சாவோட ஒக்காந்துருந்தவ.

— நீ இருக்கியாம்மா இங்க? நீயும் வேலைய வுட்டுட்டன்னு நெனச்சேன். மூணு தடவ வந்துட்டேன், ஆளக் காணோம்.

— மேல மாடியில இருக்கேன். மொதல்ல ஒக்காருங்க. வேர்த்து ஊத்துது.

— ஒக்கார வரல நா. நீயாவது நியாயத்தச் சொல்லு. தங்கமான ஜனங்க, தங்கமான ஜனங்கன்னு தெனம் சொல்லுவா எம் பொஞ்சாதி. அவ வேல பாத்த கடையில, அவ ஆசப்பட்ட ஒரு புடவைய எங்கண்ணுல காட்ட மாட்டங்கறாங்க.

— அவ ஆசப்பட்டான்னு யாரு சொன்னது?

— அவளேதான். கடைசீல நடந்தது ஒனக்குத் தெரியாதுல்ல. லீவு போட்டாளே, அன்னிக்கி காலையில மாவு கரைச்சிகிட்டு இருந்தவ அப்புடியே சாஞ்சிட்டா. தலையில ரத்தம் ஒறஞ்சி போச்சின்னாங்க ஆஸ்பத்திரியில. பேச்சில்ல. பாரு, ராத்திரி ஊசி போட நரம்பு கெடைக்கல, அவுங்களும் பாவம் இந்தக் கையி அந்தக் கையின்னு குத்திப் பாக்கறாங்க. இவளுக்கு மொகம் சுருங்கிகிட்டே வருது. திடீர்னு வாயத் தொறந்தா. தெளிவா, கடையில நிக்கிற மாதிரியே, 'ஏய், அந்த கும்மோணம் கட்டு எங்க வச்ச?'ன்னு கேட்டா.

— அவளா கேட்டா?

— அதான் கடைசி. பாரு, இத்தன வருசத்துல எனக்கு இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டவ இல்ல. தெனம் ஊராரு புடவைய மடிச்சிப் போட்டவளுக்கு, ஏதோ ஒரு கட்டுல ஒண்ணுமேல மனசு ஒட்டியிருக்கு. வர்ற வெள்ளிக்கெழம அவள பூவாடக்காரி சாமியா வச்சிப் படைக்கறோம். பொட்டோட போனவளுக்குப் புதுப் புடவ வச்சாவணும். அவ கேட்டத வுட்டுட்டு வேற எதையோ வச்சா, வந்து கட்டிப்பாளா?

— இருங்கண்ணே. இதோ வர்றேன்.

— போயிராத. இவங்கள நம்பி நா நிக்கல.

— இந்தாங்க.

— இது?

— கத்திரிப்பூ கலரு. அவ ஆசப்பட்டது இதுதான். அன்னிக்கி சாயங்காலம் அவ கையால மடிச்சது. யாரும் பிரிக்கக் கூடாதுன்னு பாவாடக் கட்டுக்கு நடுவுல சொருவி வச்சிருந்தேன்.

— பாத்தியா, பாத்தியா! ஒளிச்சி வச்சிருக்கீங்கன்னு சொன்னேன்ல?

— ஆமாண்ணே. அதுல மட்டும் நீங்க சொன்னது சரி.

— பார்டரு நல்லா இருக்கு. கும்மோணம் கட்டுல உள்ளதுதான இது?

— எடுத்துட்டுப் போங்கண்ணே. வெள்ளிக்கெழம நல்லபடியா படைங்க.

— ஆமா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நா அவளுக்கு வாக்கு குடுத்துருக்கேன்.

— என்னா வாக்கு?

— கட்டு எங்க வச்சன்னு கேக்கறா, எனக்கென்னா தெரியும்? எங்கூட்ல எல்லா சாமானும் பரண்மேலதான் கெடக்கும். அந்த நெனப்புல வாயில வந்தத சொன்னேன். 'மேலதான் இருக்கு, நா எடுக்கறேன், நீ செவனேன்னு இரு'ன்னேன். எடுக்கறேன்னு சொல்லிட்டு, மூணு மாசமா எடுக்காம நிக்கிறேன்.

— 'மேல இருக்கு, நா எடுக்கறேன்'னா சொன்னீங்க?

— ஏன், தப்பா?

— அதுக்கு அவ என்னா பண்ணா?

— சுருங்குன மொகம் வுட்டுப்போச்சி. கொழந்த மாதிரி ஆயிருச்சி. ஒதட்ட நக்குனா. பஞ்ச நனச்சி வச்சேன், நாலு சொட்டு உறிஞ்சுனா. அதோட கண்ண மூடிகிட்டா.

— தண்ணி குடிச்சிட்டுத்தான் போயிருக்கா.

— ஏம்மா அழுவுற? நா கத்துனதுக்கா? பாரு, எங்கோவம் ஒனக்குத் தெரியாதா?

— அண்ணே, கும்மோணம் கட்டுன்னு ஒண்ணு இல்ல.

— மறுபடியுமா?

— எப்பவுமே இருந்ததில்ல. நானும் அவளும் எங்களுக்குள்ள வச்சிகிட்டது அது. கஸ்டமரு யாராவது மரியாத கெட்டுப் பேசுனா, இதுக்கு மேல தாங்காதுன்னு ஆயிருச்சின்னா, அப்புடிக் கேப்போம். வா, வந்து எனக்குப் பதிலா ஒக்காருன்னு அர்த்தம். ஒருத்தி போயி ஒக்காருவா, ஒருத்தி போயி தண்ணி குடிப்பா.

— மரியாத கெட்டா? அவகிட்டயா?

— தெனம்.

— இடுப்பு வலிக்கலையான்னு கேப்பாங்கன்னு சொன்னாளே?

— ஒருத்தரும் கேட்டதில்லண்ணே. நாந்தான் கேப்பேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு.

— சொன்னா ஐஸ் வண்டியோட வந்து நிப்பீங்கன்னு சொல்லுவா.

— வந்துதான் நிக்கிறேன். மூணு தடவ. அந்தப் பொம்பள எங்க, நா திட்டுனேனே?

— பிரிசில்லா மேல இருக்கு. நா மாத்தி வுட்டுட்டேன். தண்ணி குடிச்சிகிட்டு இருக்கும்.

— அப்ப அவ கேட்டது புடவ இல்ல.

— இல்ல.

— ஒன்னயத்தான் கூப்ட்டிருக்கா.

— ஆமாண்ணே. அந்நேரம் நா வூட்ல அவளுக்கு எறா உரிச்சிகிட்டு இருந்தேன்.

— அய்யோ, ஒனக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே! ஒன்னய கூப்ட்டவகிட்ட, ஒண்ணும் புரியாம நா எதையோ ஒளறி வச்சிருக்கேனே.

— ஒளறலண்ணே. அவ கட்டு எங்கன்னு கேட்டா, 'மேல் தட்டுல இருக்கு, நா எடுக்கறேன், நீ போ'ன்னு நா சொல்லணும். அதான் பதிலு. அது காதுல வுழுந்தாத்தான் அவ எந்திரிப்பா. அத நீங்க சொல்லியிருக்கீங்க.

— நா போன்னு சொல்லலியேம்மா. இருன்னுதான சொன்னேன்.

— இருன்னுதாண்ணே சொன்னீங்க. யாரு இல்லன்னா.

— இதுக்கு பில்லு போட்டுரு. கத்திரிப்பூ கலருக்கு.

— பார்டர வெளிய வச்சி மடிச்சிருக்கு. பிரிக்காம அப்புடியே வைங்க, அவளுக்குப் புடிக்கும்.

— சாய்ராம்மா, அந்த மேல் தட்டு எது?

— அதோ, ஃபேனுக்குப் பக்கத்துல.

— என்னாதான் இருக்கு அதுல?

— பொம்மையோட ஒடஞ்ச கை ஒண்ணு. நாங்க சேந்த வருசத்துலேருந்து அங்கதான் கெடக்கு.