கூரையில் வந்திறங்கிய பட்டம்

எனக்குக் காற்றோடு எந்தப் பகையும் இல்லை ஐயா, முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். சகல புனிதர் நாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் பட்டம் விடும்போது, மூன்று வருடமாக என்னுடையது மட்டும் குப்புற விழுந்தது. அதற்கும் நான் காற்றைக் குறை சொன்னதில்லை. ஊர்தான் எனக்கு 'தரைப்பட்டம் எலிசெயோ' என்று பேர் வைத்தது. போய்ச்சேர்ந்த அப்பாவுக்குச் சேதி கொண்டுபோகும் பட்டம் அது. நாலாவது வருடமும் அவரைக் காக்கவைக்க மனசு வரவில்லை.

தங்கை ஒதீலியாவின் புருஷன் பிதென்சியோவிடம் உள்ளங்கையளவு ட்ரோன் ஒன்று இருந்தது. அதை நான் திருடவில்லை. வயிற்றைத் திறந்து, அதைப் பறக்கவைக்கும் மூளைச் சில்லை மட்டும் எடுத்தேன். உடம்பை மரியாதையாக எங்கள் அவரைக்கொடிக்கு அடியில் புதைத்தேன். மாப்பிள்ளை மூன்று நாள் தேடினார், நானும் கூடவே தேடினேன். தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோணியாருக்கு மெழுகுத்திரி ஏற்றச் சொன்னதே நான்தான்.

மூங்கில், காகிதம், பசை, கயிறு தவிர வேறெதுவும் ஆகாது என்பது உங்கள் பட்டப் போட்டிக் கமிட்டி விதி. விதியென்றால் எனக்கு உயிர். ஆகவே கட்டில் அகலத்துக்கு மூங்கிலிலேயே கூடு கட்டி, நாலு பெரிய மோட்டார் பொருத்தி, அந்தக் குட்டி மூளையை நடுவில் வைத்துப் பட்டத்தின் முதுகில் ஒளித்தேன். தான் இன்னும் உள்ளங்கையளவுதான் என்று அதற்கு நினைப்பு. வலிப்பு வந்தமாதிரி உதறியது. பொறுமையாகப் பழக்கினேன்.

இந்த வருடத் திருநாளன்று இலைகூட அசையவில்லை. எல்லார் பட்டமும் சுவரில் சாய்ந்து கிடக்க, அப்பாவுடையது மட்டும் ஜம்மென்று எழும்பியது. முதலில் கைதட்டியது பிதென்சியோ. நான் அழுதேன், அது நடிப்பில்லை.

பேட்டரி குறைந்தால் வீடு திரும்புவது அந்த மூளையின் பழக்கம். வீடு மாறியதை அதற்குச் சொல்ல மறந்துபோனேன். ஆறு பேர் பிடித்திருந்த கயிற்றை உருவிக்கொண்டு, இரண்டு தெரு தாண்டிப் போய், பிதென்சியோவின் தகரக் கூரையில் சமர்த்தாக உட்கார்ந்தது.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, ஒதீலியா திருநாள் சாப்பாடான பியாம்ப்ரே தட்டோடு முற்றத்தில் நின்று, பட்டத்தின் முதுகில் மின்னிய ட்ரோன் விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மெழுகுத்திரி வீண்போகல. அந்தோணியார் வீட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டாரு."

பிதென்சியோ மெதுவாகத்தான் கேட்டார். "மச்சான், என்கூடக் கட்டிலுக்கடியில எல்லாம் தவழ்ந்து தேடினீங்களே?"

ஆமாம், எடுத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குமுன் கல்லறையிலிருந்து அந்தக் கூரைவரை நாடா பிடித்து அளந்துவிடுங்கள். இந்த ஊரில் இதுவரை யார் பட்டமும் அவ்வளவு தூரம் போனதில்லை. முதல் பரிசை வேறு யாருக்காவது கொடுத்தால் அது அநியாயம்.