அந்த வருடத்தின் ஆறு ஆட்டங்கள்

மாற்றுக் கோல்கீப்பரின் கால்சட்டை அழுக்காவதே இல்லை, ஐயா. பதினொரு வருடம் சாலமன் தீவுகள் தேசிய அணியில் இருந்திருக்கிறேன். போன வருடத்துக்கு முன்பு என் அம்மா என் ஆட்ட உடுப்பைச் சோப்புப் போட்டுத் துவைத்தது மொத்தம் இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் வெயிலில் ஒரு உதறு உதறி மடித்து வைத்துவிடுவாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அணிக்கு இரண்டு கோல்கீப்பர் வேண்டும், கம்பத்துக்கு நடுவில் ஒருவன்தான் நிற்க முடியும். யாராவது உட்காரத்தான் வேண்டும்.

அட்கின் வந்து நாலு வருடம் ஆகிறது. குவாடல்கனால் மலைப்பக்கத்துக்காரன். நீச்சலே இங்கே ஹோனியாராவுக்கு வந்த பிறகுதான் பழகினான். எங்களைப்போல லங்காலங்காக் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அவன் மீன் தின்பதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். எது பாறை மீன், எது வெளிக்கடல் மீன் என்று ஒன்றும் தெரியாது. முள்ளை விழுங்கிவிடுவான். ஆனால் கை இருந்தது. பந்து அவனிடம் போவதற்கென்றே கிளம்பி வருவதுபோல் இருக்கும். வந்த மூன்றாவது மாதத்தில், எனக்கு வரவிருந்த இடத்தை எடுத்துக்கொண்டான். இரண்டாவது வருடத்தில் என் தங்கை ஹில்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். நான்தான் முன்னால் நின்று நடத்திவைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்களுக்கு ஆறு ஆட்டங்கள். மார்ச்சில் வனுவாட்டுவோடு இங்கேயே ஒன்று. ஜூனில் சுவாவில் கோப்பைப் போட்டி, மூன்று. செப்டம்பரில் ஆக்லாந்தில் நியூசிலாந்தோடு ஒன்று. நவம்பரில் திரும்ப இங்கே, நியூ கலிடோனியாவோடு ஒன்று. பட்டியல் வந்த அன்றே எங்கள் கோச் ஆல்வினிடம் போய்க் கேட்டேன். எனக்கு முப்பத்தொரு வயது, ஆறில் ஒன்றையாவது கொடுங்கள் என்று.

அவர் பாக்கை மென்றுகொண்டே என் தோளில் தட்டினார். "பர்னபாஸ், நீ நம்ம வீட்டுப் பூட்டுப்பா. திருடன் வர்றானோ இல்லையோ, பூட்டுன்னு ஒண்ணு தொங்கணும்ல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுதானே.

மார்ச் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் பெனால்டி. அட்கின் பிடித்தான். மைதானத்துக்குப் பக்கத்துச் சரிவில் உட்கார்ந்திருந்த சனம் அப்படியே புல்லில் வழுக்கிக்கொண்டு இறங்கி வந்தது. வேலி ஓரமாக இருந்த ஒரு பொம்பளை என்னைப் பார்த்து, "ஏய் பெஞ்சு, எந்திரிச்சுக் கையாவது தட்டேன். உன்னை என்ன ஊசி நூலு போட்டுத் தைச்சா வச்சிருக்காங்க?" என்றாள். எழுந்து கை தட்டினேன். மறுநாள் வானொலியில் அணியைப் புகழ்ந்தார்கள். கோல்கீப்பர் அட்கின் என்று சொல்லி, அவனுக்குத் துணையாக இன்னொருவரும் இருக்கிறார் என்றார்கள். ஹில்டா அதைக் கேட்டு, "அண்ணே, உன்னையும் சொன்னாங்க" என்று ஓடி வந்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவள் குணம் அப்படி.

நான் மீன் பிடிக்கிறவன். எங்கள் குடியிருப்புக்குக் கிழக்கே, மரம் ஏற்றிப்போன கப்பல் ஒன்று மோதி உடைந்த பாறைத்திட்டு இருக்கிறது. அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. அங்கத்துக் கலவா மீன் பார்க்க நன்றாக இருக்கும், மணமும் ருசியும் மற்ற மீன்போலத்தான். தின்றால் வாந்தி, வயிற்றோட்டம். பிறகு உதடும் விரலும் மரத்துப்போகும். குளிர்ந்ததைத் தொட்டால் நெருப்பைத் தொட்டதுபோல் எரியும். கடல்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எந்த அடுப்பிலும் அந்த விஷம் சாகாது.

ஜூனில் சுவாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அட்கின் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் ஒரு கலவா கொண்டுபோனேன். அது எந்தத் திட்டில் மாட்டியது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

இல்லை, ஐயா. நீங்கள் பூனையைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அதற்கு முந்தின வாரமே அந்தப் பாறைத்திட்டு மீனில் ஒரு துண்டு போட்டுப் பார்த்திருந்தேன். மூன்று நாள் காலை இழுத்துக்கொண்டு கிடந்தது, பிறகு எழுந்துவிட்டது. எழுந்துவிட்டது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆட்டம்.

ஹில்டா நாலு மாதக் கர்ப்பம், மசக்கையில் மீன் வாடையே ஆகவில்லை, தொடவில்லை. மற்றவர்களுக்கு நான் வேறு மீன் பரிமாறினேன். அட்கின் தட்டில் மட்டும் கலவா. விமானத்தில் போகும்போதே அவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. பப்புவா நியூ கினியோடு முதல் ஆட்டத்தில் நான் நின்றேன். இரண்டு கோல் விட்டேன். ஒன்று யாராலும் பிடிக்க முடியாதது. இன்னொன்று கைக்குள் வந்து நழுவியது.

அன்று சாயங்காலம் குளியலறைக் குழாயடியில் அட்கின் நின்றுகொண்டிருந்தான். தண்ணீரில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்.

"மச்சான், இங்க வாயேன். இந்தப் பச்சத்தண்ணி சுடுது எனக்கு. சத்தியமா சுடுது."

"காய்ச்சல் வேகம், மாப்ள. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"ஹில்டாகிட்ட போன்ல சொல்லட்டா?"

"வயித்துப்பிள்ளைக்காரியப் போட்டு ஏன் பயமுறுத்துற? விடு."

அவளிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மீன் என்று சொல்லியிருப்பாள். அவளும் கடல்காரிதான்.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் எழுந்து நின்றுவிட்டான். தாஹிதியோடு. மழை பெய்துகொண்டிருந்தது. ஈரப்பந்து ஒவ்வொரு முறை கையில் படும்போதும் அவன் முகம் சுளிப்பதை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கை எரிய எரியப் பிடித்தான். ஒன்பது பந்து. நான் எண்ணினேன். பிஜியோடு நடந்த மூன்றாவதிலும் ஒன்றும் விடவில்லை. ஆனாலும் ஒரே கோல் வித்தியாசத்தில் போட்டியிலிருந்து வெளியேறினோம். முதல் ஆட்டத்திலும் அட்கின் நின்றிருந்தால் கோப்பைக்கே போயிருப்போம் என்று பத்திரிகையில் போட்டார்கள். என் கையைவிட அவன் கை மேல் என்று நாடு முழுக்கத் தெரிந்துபோனது. என் இரண்டு நல்ல கைகளைவிட அவனுடைய இரண்டு எரிகிற கையே மேல் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதை எனக்குத் தெரியவைத்தது நானேதான். இந்த வேடிக்கையை யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

செப்டம்பருக்கு இன்னும் பெரிய மீன் தேவைப்பட்டது. ஆக்லாந்து ஆட்டம் பெரிய ஆட்டம், அவன் விமானமே ஏறக்கூடாது. அதனால் தலையையும் ஈரலையும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துச் சட்டியோடு கொண்டுபோனேன். ஹில்டாவுக்கு ஏழு மாதம். மசக்கை போய், பசி வந்திருந்தது. எனக்கு அது தோன்றவில்லை. சட்டி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணே, தலை எனக்கு."

"மாப்ளைக்கு வை, புள்ள. அவன் ஊருக்குப் போறவன்."

"அவருக்குத் தலைல எங்க சதை இருக்குன்னே தெரியாது. மலைக்காரருக்கு வாலக் குடு, போதும்." அட்கின் சிரித்துக்கொண்டே வாலை எடுத்துக்கொண்டான். அவள் மரவள்ளிக் கிழங்கைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டாள். "எங்க பிடிச்ச?"

"வழக்கமான எடந்தான்."

அவள் நிதானமாக, கண்ணையும் கன்னத்தையும் கிள்ளியெடுத்துச் சாப்பிட்டாள். தட்டைத் தட்டிவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தட்டிவிட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மேலும் அவள் கேட்டுத்தான் தின்றாள். நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அட்கினும் படுத்துவிட்டான், விமானம் ஏறவில்லை. ஆக்லாந்தில் நான் நின்றேன். குளிர். ஐந்து கோல் போட்டார்கள். ஆனால் நாற்பதாவது நிமிடத்தில் வலது மூலையில் நான் தட்டிவிட்ட ஒரு பந்து இருக்கிறது, அது நல்ல தடுப்பு. யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. ஆட்டம் முடிந்து உடுப்பறைக்கு வந்ததும் கோச் என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தத் தடுப்புக்காக என்று நினைத்தேன். ஊரிலிருந்து செய்தி வந்திருந்தது. ஹில்டாவுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை. இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது.

நான் ஊர் திரும்பியபோது புதைத்துவிட்டிருந்தார்கள். அட்கின் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"சாமியார் வந்து ஞானஸ்நானம் குடுத்தாரு, மச்சான். என்ன பேருன்னு கேட்டாரு. எங்களுக்கு வேற பேரே வாயில வரல. பர்னபாஸுன்னு சொல்லிட்டோம்."

அந்த வீட்டில் என் பெயரை அவ்வளவு மெதுவாக யாரும் சொன்னதில்லை. அழுதேன். அது நடிப்பில்லை.

மீனால்தான் என்று மருத்துவமனையில் நர்ஸ் சொல்லியிருந்தாள். ஹில்டா என்னைக் குற்றம் சொல்லவில்லை. கலவாவில் எப்போதாவது ஒன்று அப்படி வந்துவிடும், கடலைக் கேட்கவா முடியும் என்று நான் சொன்னதை நம்பினாள். இனி மீனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துக்கம் காக்க அம்மாவோடு லங்காலங்காவுக்குப் போனாள். அட்கின் வீட்டில் தனியாக இருந்தான்.

நவம்பர் ஆட்டத்துக்கு முன்னால் அவனே கோச்சிடம் போனான். நானும் கூட இருந்தேன். "எனக்குக் கை வரல, கோச். கப் தண்ணி கூடப் பிடிக்க முடியல. மச்சான் நிக்கட்டும். பதினோரு வருஷமா காத்திருக்கிற மனுசன்." கோச் சரியென்று தலையாட்டினார். ஆக, நான் எதுவுமே செய்யாமல் அந்த ஆட்டம் எனக்கு வந்தது. அவன் கொடுத்து.

நியூ கலிடோனியாவை ஒன்றுக்குச் சுழி என்று ஜெயித்தோம். ஒரு பந்துகூட உள்ளே விடவில்லை நான். இது பதிவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பாதி ஆட்டத்தில் அட்கின் பெஞ்சிலிருந்து எழுந்து, ஒரு கையால் கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் கத்தினான். சனம் அவனைப் பார்த்துவிட்டது. சரிவு முழுக்க அவன் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தது. உதைபட்டு வந்த பந்தை நான் பிடிக்கிறேன், பாட்டு அவனுக்கு. இன்னொன்றைப் பிடிக்கிறேன், அப்போதும் அவனுக்கு. முடிந்ததும் இறங்கி ஓடி வந்து, என்னைத் தாண்டிப் போய், அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் மேலிருந்துகொண்டு, "இந்த ஆளத் தூக்குங்கடா, இந்த ஆள" என்று என்னைக் காட்டினான். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அது சனிக்கிழமை. ஞாயிறு காலை கோயில் முடிந்ததும் ஒரு தூக்கில் குழம்பு கொண்டுபோனேன்.

அட்கின் தூக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "மீனா, மச்சான்? ஹில்டா வேணாம்னு சொல்லிருக்காளே."

"இது பாறை மீன் இல்ல, மாப்ள. வெளிக்கடல் சூரை. உடம்பு தேறணும்ல."

"நீ குடுத்தாச் சாப்பிடறேன்," என்றான். கைக்கு வராததால் நான்தான் ஊட்டிவிட்டேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். முதல் நாள் நான் பிடித்த பந்துகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆக்லாந்தில் வலது மூலையில் தட்டிவிட்டதையும் சொன்னான். வீடியோவில் நாலு தடவை போட்டுப் பார்த்தானாம்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் நாடி தளர்ந்து நின்றுவிட்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஹில்டா செய்தி கேட்டு வந்து, அடுப்படியில் கழுவாமல் கிடந்த தூக்கைத் திறந்து, முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சூரை முள்ளுக்கும் கலவா முள்ளுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். நேராக உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

ஏன் என்று கேட்டீர்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது அதைத்தான், ஐயா. அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பொறாமை என்று ஹில்டா சொன்னாளாம், அதுவும் கிடையாது. அவன் கொஞ்ச நாள் படுத்திருந்தால் எனக்கு ஒரு ஆட்டம் கிடைக்கும், அவ்வளவுதான் நான் நினைத்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்காகத்தான் செய்தேன்.

இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வருடத்தில் ஆட்டம் எதுவும் இல்லை.