கேப்சூலுக்குள் குளுக்கோஸ்

எனக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது, ஐயா. தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவரிடம் ஒன்று வாங்கினேன். மறுநாள் வேறு கம்பெனிக்காரர் வந்தார். அவர் முகம் வாடக் கூடாதே என்று அவரிடமும் ஒன்று வாங்கினேன். இப்படிப்பட்டவன் மருந்துக் கடை வைத்திருக்கக் கூடாதுதான். காய்கறிக் கடை வைத்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

இறந்துபோன டிரைவர் அண்ணன் எங்கள் தெருக்காரர். பஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகு, வலி நிஜம்தான். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி கேப்சூல் அபினுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அளவோடு சாப்பிட வேண்டியது. அண்ணன் அளவையெல்லாம் தாண்டிப் போய்விட்டிருந்தார். மாதம் பாதி ஆவதற்குள் வந்து நிற்பார். டப்பா கழுவுதொட்டியில் விழுந்துவிட்டது, பேத்தி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள் என்று காதில் பூச்சுற்றுவார். நானும் காதை வாகாகக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

அவர் மகள் ஒருநாள் கடையில் நின்று அழுதுவிட்டாள்.

"அப்பா சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்கி விழறாரு அங்கிள். நீங்க இல்லைன்னு சொல்லிட்டா போதும்."

"சொல்லிடறேம்மா" என்றேன். மறுநாள் அவர் வந்தார். கொடுத்தேன்.

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவர் கத்துவார். எனக்குக் கத்தல் ஆகாது. அதனால் சத்தமில்லாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன், பெரிய விஞ்ஞானி அல்லவா. அந்தக் கேப்சூல் இரண்டு மூடியாகப் பிரிந்து வரும். உள்ளேயிருக்கும் தூளில் கொஞ்சம் தட்டிவிட்டு, அந்த இடத்தில் குளுக்கோஸை நிரப்பி மூடினால் யாருக்கும் தெரியாது. பின்னறையில் உட்கார்ந்து மாதாமாதம் மருந்தைக் குறைத்தேன், குளுக்கோஸைக் கூட்டினேன். கடைசியில் வெறும் குளுக்கோஸ்தான். கடவுளுக்கு உதவியாளர் வேலை கிடைத்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே பூரிப்பு.

நடுவில் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஏதோ காய்ச்சல் என்றார். பாராசிட்டமால் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. பிறகு தெளிந்துவிட்டார். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மறுக்க வாய் வரவில்லை.

அண்ணன்தான் குறைப்பட்டுக்கொண்டார். "முதுகு கொல்லுது தம்பி. இப்பல்லாம் மருந்துல வீரியமே இல்ல. ஒரு பிடி அள்ளிப் போட்டாலும் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

ஒரு பிடி என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பல் பிடுங்கப் போயிருந்தேன். கடையில் என் மனைவி இருந்தாள். அவளும் மருந்தாளர்தான், படிப்பில் என்னைவிடக் கெட்டி. போன் செய்தாள்.

"என்னங்க, டிரைவர் அண்ணன் வந்திருக்காரு. அவருக்குன்னு நீங்க தனியா எடுத்து வெச்ச டப்பா காலியா இருக்கு. புதுசு பிரிச்சுக் கொடுத்துடட்டுமா?"

பழக்கம் விட்டுப்போன உடம்புக்குப் பழைய அளவே விஷம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 'வேண்டாம்' என்றால் அவள் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் லைசென்ஸ் போகும், கடை போகும், அந்தப் பெண் சொன்ன நன்றியும் போகும். வாயில் பஞ்சு இருந்தது. பஞ்சோடு 'வேண்டாம்' என்று சொல்வது கஷ்டம். "ம்" என்றேன். பஞ்சை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டவில்லை.

என் மனைவியை விட்டுவிடுங்கள், ஐயா. டாக்டர் எழுதியதை எழுதியபடி கொடுத்தவள் அவள் ஒருத்திதான். கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். முன்பெல்லாம் அந்த மருந்தைக் கைநிறைய விழுங்கிவிட்டு எழுந்து நடமாடியவர் அவர். இந்த முறை ஒரே பிடியில் போய்விட்டார். அந்தப் பழக்கத்திலிருந்து அவரை நான் முழுசாக மீட்டுவிட்டேன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?